பழைய வாட்ச்சில் எந்தக் குறை பரவாயில்லை, எந்தக் குறை ஆகாது?

வாசகர் கேள்வி பதில்

பழைய கைக்கடிகாரங்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே கவலைதான். கையில் இருக்கிற வாட்ச்சிலோ, வாங்க நினைக்கிற வாட்ச்சிலோ ஏதோ ஒரு குறை, அதை என்ன செய்வது? அதனால் இந்த முறை முழுப் பக்கமும் குறை உள்ள வாட்ச்சுகளுக்குத்தான்.

அப்பா கட்டிக்கொண்டிருந்த எச்.எம்.டி. ஜனதா பீரோவில் கிடைத்ததுங்க. கண்ணாடி முழுக்கக் கீறல். டயல் மஞ்சளாகி ஆங்காங்கே புள்ளி விழுந்திருக்கிறது. சாவி கொடுத்தால் சுற்றிக்கொண்டே போகிறது, இறுகவே மாட்டேன் என்கிறது. டயலைப் புதிதாக அடித்து, கேஸையும் பாலிஷ் போட்டு 'புதுசு மாதிரி' ஆக்கித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமாங்கண்ணா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

கொடுங்கள், ஆனால் டயலில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கொடுங்கள். நீங்கள் எழுதியிருக்கிற மூன்று குறைகளில் இரண்டு சரிசெய்ய வேண்டியவை, ஒன்று அப்படியே விட வேண்டியது. கடைக்காரர் அந்த மூன்றாவதில்தான் அதிக ஆர்வமாக இருக்கிறார்.

எச்.எம்.டி.யின் வாட்ச் தொழிற்சாலை 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கியது. ஜனதாவுக்குள் ஓடும் மெஷினும் சிட்டிசன் வடிவமைப்பு வழியாக வந்ததுதான். 17 ஜுவல் (சக்கர அச்சுகளைத் தாங்கும் சின்னக் கற்கள்), மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. நிதானமாக ஓடும், அடி தாங்கும், கழற்றி மாட்டவும் எளிது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டாலும், அத்தனை வருஷமாக இந்த மெஷின் ஏராளமாக வெளிவந்திருப்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஓடாத இன்னொரு எச்.எம்.டி.யிலிருந்து எடுத்துக்கூடப் போடலாம். சாவி கொடுக்கும்போது டிக்டிக்கென்று சத்தம் மட்டும் வந்து, எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் வாட்ச்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங் பெரும்பாலும் அறுந்திருக்கும். அதை மாற்றி, மெஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டால் வாட்ச் திரும்ப ஓடும். இது ரிப்பேர்காரர்களுக்கு அன்றாட வேலை.

அந்தக் காலத்து ஜனதாவில் மேலே இருப்பது நிஜமான கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் நீங்களே மெத்தென்ற துணியில் கொஞ்சம் பற்பசையோ பிராஸோவோ தொட்டு வட்டமாக, பொறுமையாகத் தேய்த்துப் பாருங்கள். கீறல் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். விரிசல் இருந்தால் மட்டும் மாற்றினால் போதும். பின்னால் வந்த பல வாட்ச்சுகளில் இருப்பது நிஜக் கண்ணாடிதான், அதில் இந்த வைத்தியம் எடுபடாது.

இனி டயல். மஞ்சளும் புள்ளியும் மேலே பூசிய வார்னிஷ் பழசானதால் வந்தவை. எழுத்து தெளிவாகத் தெரிகிறது, முள் எதிலும் உரசவில்லை என்றால் அது குறையே இல்லை, வயசு. 'புது டயல்' என்று சொல்வது பெரும்பாலும் இருக்கிற டயலைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, மேலே புதிதாக எழுத்து அச்சடிப்பதுதான். அப்பா தினமும் பார்த்த டயல் அதோடு போய்விடும், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் திரும்பாது. அப்பாவின் வாட்ச் என்பதை விட்டுவிட்டு வெறும் விலைக் கணக்காகப் பார்த்தாலும், புள்ளி விழுந்த ஒரிஜினல் டயலுக்குச் சேகரிப்பவர்கள் கொடுக்கிற மரியாதையில் பாதிகூடப் பளபள மறு அச்சுக்குக் கிடையாது. கேஸ் பாலிஷும் அப்படியே. வார் மாட்டுகிற கொம்புகளின் விளிம்பு மழுங்கிவிட்டால் அந்த வடிவமே போச்சு. ஈரத்துணியால் அழுக்கைத் துடைக்கச் சொல்லுங்கள், போதும்.

ஆன்லைனில் பழைய சீக்கோ 5 வாட்ச்சுகள் ஆரஞ்சு, பச்சை, இரண்டு நிறம் கலந்தது என்று விதவிதமான டயலில் 1,800 ரூபாய்க்கு வருகின்றன. 'கல்ஃபில் இருந்து வந்தது, ஒரிஜினல்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பாதி நம்பலாம். உள்ளே இருக்கிற மெஷின் அநேகமாக ஜப்பான் சரக்குதான். முகம்தான் இங்கே அடித்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த ரகத்துக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பேரே வைத்திருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறுவது அதிகமும் இதில்தான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிறார்களே, அதே. டயலின் கீழ் ஓரம், 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில், வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பொடி வரி இருக்கும். அதில் ஜப்பான் என்ற சொல்லும், 7009 அல்லது 6119 என்பது போன்ற மெஷின் எண்ணும், அதையொட்டி டயலின் எண்ணும் வரும். ஒரிஜினலில் லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் ஊசியால் எழுதியதுபோல் நிற்கும். மறு அச்சில் அந்த வரியே இருக்காது, இருந்தால் ஈசல் செத்து விழுந்ததுபோல் கலங்கிக் கிடக்கும். இன்னும் மோசம், முகத்தில் 6119 என்றும் பின் மூடியில் 7009 என்றும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

லென்ஸை அப்படியே டயலில் மணியைக் காட்டும் உலோகக் கட்டைகள் பக்கம் நகர்த்துங்கள். உலோகக் கட்டை டயலில் உட்காருகிற அடிப்பகுதியில் பெயின்ட் குழம்பித் தேங்கியிருக்கிறதா? தொழிற்சாலையில் முதலில் நிறம், பிறகுதான் கட்டை, அதனால் அடி சுத்தமாக இருக்கும். கட்டையைக் கழற்றாமல் மேலேயே அடித்தால்தான் தேங்கும். நிமிஷக் கோடு கட்டையின் நடு மையத்துக்கு நேராக வருகிறதா, தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயின்ட் வழிந்திருக்கிறதா, நிமிஷ முள் நிமிஷக் கோடு வரை எட்டுகிறதா என்றும் பாருங்கள். முள் குட்டையாக இருந்தால் வேறு வாட்ச்சின் முள்.

பின் மூடியில் இருக்கும் வரிசை எண்ணையும் படித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து சீக்கோவில் முதல் எண் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 8-ல் தொடங்கி அடுத்து 3 வந்தால் மார்ச். வருஷம் 1978-ஆ 1988-ஆ என்பதை மெஷினையும் மாடலையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். அக்டோபருக்கு 0, நவம்பருக்கும் டிசம்பருக்கும் என், டி என்ற ஆங்கில எழுத்துகள்.

கல்ஃப் கதைக்கும் ஒரு சோதனை உண்டு. நம் பாலக்காடு, மலப்புறம் பக்கம் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் மச்சானுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று என்று சீக்கோவும் சிட்டிசனும் கொண்டுவந்தது உண்மைதான். அங்கே விற்ற சீக்கோக்கள் பலவற்றில் கிழமைச் சக்கரம் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். கிழமையை நகர்த்திப் பாருங்கள். அரபி எழுத்து வந்தால் கதைக்கு ஒரு சாட்சி. வராவிட்டால் பொய் என்று அர்த்தமில்லை, ஆனால் கதைக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

ஆரஞ்சு டயல் பிடித்திருக்கிறது, மறு அச்சு என்று தெரிந்தே கட்டிக்கொள்ள வாங்குகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள், அதில் தப்பில்லை. மறு அச்சு என்று சொல்லாமல் ஒரிஜினல் விலைக்கு விற்பதுதான் தப்பு.

ஃபேவர் லூபா சீ கிங் என்ற பழைய சுவிஸ் வாட்ச் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். டயல் மேலே பார்த்து வைத்தால் ஓடுகிறது. கவிழ்த்தாலோ கையில் கட்டினாலோ நின்றுவிடுகிறது. 'ஒரு சர்வீஸ் போட்டால் போதும்' என்கிறார் விற்பவர்.
— வாசகர், வாளையார்

சர்வீஸ் மட்டும் போதும் என்றால் அவரே போட்டு, இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருப்பாரே. அதை யோசியுங்கள்.

எண்ணெய் காய்ந்த வாட்ச் எல்லா நிலையிலும் சோர்ந்து ஓடும், நிமிர்த்திப் பிடித்தால் இன்னும் தள்ளாடும். ஒரு பக்கம் படுக்க வைத்தால் நன்றாக ஓடி, மறுபக்கம் கவிழ்த்தால் நிற்பது வேறு கதை. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு இரண்டு முனையிலும் மிக மெல்லிய ஊசிபோல் முடியும், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பருமன். வாட்ச் கீழே விழுந்தால் முதலில் வளைவதும் ஒடிவதும் அதுதான். அடியிலிருந்து அதைக் காப்பாற்றத்தான் இன்காப்ளாக் போன்ற அமைப்புகள் 1930-களில் வந்தன. உங்களுடைய வாட்ச்சில் ஒரு முனை தேய்ந்தோ ஒடிந்தோ இருக்க வாய்ப்பு அதிகம். அச்சை மாற்றலாம், ஆனால் அந்த மெஷினுக்குப் பொருந்தும் அச்சு கிடைக்க வேண்டும், அதை ஏற்றிச் சமன் செய்யத் தெரிந்த கை வேண்டும். இரண்டும் இன்று அரிது. ஃபேவர் லூபா மெஷினுக்கு எச்.எம்.டி.க்குப் போல உதிரி மலிந்து கிடக்காது.

பின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பேலன்ஸ் சக்கரம் சுழலும்போது பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள், நல்ல சக்கரம் ஒரே மட்டத்தில் போய் வரும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பொருந்தாத திருப்புளியோடு யாரோ அவசரமாக மேய்ந்திருக்கிறார்கள். சாவித்தண்டு நுழைகிற இடத்தில் பழுப்புப் பொடி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, துரு எவ்வளவு தூரம் பரவியது என்பது முழுசாகப் பிரித்தால்தான் தெரியும்.

கழற்றிய பின் மூடியின் உட்புறத்தையும் மறக்காதீர்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கீறலாகச் சில எண்களும் எழுத்துகளும் தெரியும். ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்தபோதும் ரிப்பேர்காரர் தன் அடையாளத்தையும் தேதியையும் அங்கே ஊசியால் கீறி வைப்பது பழைய வழக்கம். நாலைந்து கையெழுத்தில், சில வருஷ இடைவெளியில் அப்படிக் குறிகள் இருந்தால் அந்த வாட்ச்சை யாரோ அக்கறையாக வைத்திருந்தார்கள் என்று நம்பலாம். விற்பவரின் வார்த்தையைவிட எனக்கு இந்தக் கீறல்மேல்தான் நம்பிக்கை.

டயல் ஒரிஜினலாக இருந்து, துரு இல்லாமல் இருந்தால், ஓடாத வாட்ச்சின் விலைக்குக் கேளுங்கள். ஓடுகிற வாட்ச்சின் விலைக்கு வேண்டாம்.

எங்கள் தாத்தா ஓலவக்கோடு ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த எச்.எம்.டி. பின்னால் அவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறது. முன்னால் தங்க முலாம் போய் ஓரமெல்லாம் பித்தளை தெரிகிறது. பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி முலாம் பூசினால் நல்ல விலை போகும் என்று அண்ணன் மகன் சொல்கிறான். செய்யலாமா?
— வாசகி, சித்தூர், பாலக்காடு

வேண்டாம்மா, தயவுசெய்து செய்யாதீர்கள். ஓலவக்கோடு ரயில்வே கோட்டம் 1956-ல் உருவானது. அதில் ஆயுசு முழுக்க வேலை பார்த்து இறங்கியவர்களுக்குச் சக ஊழியர்கள் காசு போட்டு வாங்கிக் கொடுத்த வாட்ச்சுகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. பெயர் வெட்டிய வாட்ச்சை வேண்டாம் என்கிறவர்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயரைத் தேய்த்து எடுத்த மூடி எல்லோருக்கும் தெரியும், அது மெலிந்து, விளிம்பு வழுவழுத்துப் போய், எதையோ மறைக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். பெயர் இருக்கும் வரை அது ஒரு மனிதருடைய வாட்ச். அதற்கென்றே தேடி வாங்குகிறவர்களில் நானும் ஒருவன்.

முலாம் விஷயம்: கனமான முலாம் என்று சொல்கிற 20 மைக்ரான்கூட ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். மணிக்கட்டில் உரசி உரசி ஓரத்தில் போவது இயல்பு. மறுமுலாம் பூச வேண்டுமானால் முதலில் கேஸைத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் வடிவம் போகும். பித்தளை தெரிந்தால் தெரியட்டும். பித்தளையில் பள்ளம் பள்ளமாக அரித்து, பச்சை பிடித்திருந்தால் மட்டும் கவனியுங்கள், வியர்வை உள்ளே இறங்கும் வழி அது.

பழைய சுவிஸ் வாட்ச் ஒன்றில் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூசியிருக்கிறது. இப்போது இருட்டில் ஒளிர்வதில்லை. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாமா?
— பிளஸ் டூ மாணவர், கொல்லங்கோடு

தம்பி, சுரண்டாதே. 1960-கள் வரை வந்த பல வாட்ச்சுகளில் நிஜமான ரேடியமே இருந்தது. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். ஒளிர்வது நின்றது அதோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு தேய்ந்துபோனதால்தான், ரேடியம் அப்படியே இருக்கிறது. மூடியிருக்கும் வாட்ச்சைவிட, சுரண்டும்போது பறக்கிற தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. திறக்காதே, தலைமாட்டில் வைத்துத் தூங்காதே. டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லுக்கு இரு பக்கமும் டி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது டிரிட்டியம். அதன் அரை ஆயுள் 12 வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகம், இந்நேரம் பெரும்பகுதி ஓய்ந்திருக்கும். அதையும் சுரண்ட வேண்டிய அவசியமில்லை.

சொந்த ஊர் கோபாலபுரம், கடை வைத்திருப்பது பொன்னானியில். மழைக்காலம் வந்தால் வாட்ச் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. வெயிலில் வைத்தால் போய்விடுகிறது. அப்படியே விடலாமா?
— வாசகர், பொன்னானி

விடக் கூடாது. வெயிலில் வைத்தால் கண்ணாடியில் இருந்த ஈரம் மெஷினுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். உடனே பின் மூடியைத் திறந்து உலர வைத்து, மூடியின் ரப்பர் வளையத்தையும் சாவியையும் பார்க்கச் சொல்லுங்கள். கடல் காற்றில் உப்பும் இருக்கிறது, ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டால் துரு பிடித்துவிடும். கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மலை மறைவில் மழை குறைவு. அதனால் ஒரே மாடல், ஒரே விலை என்றால் கடலோர வீட்டிலிருந்து வருவதைவிடக் கிழக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வருவதையே நான் முதலில் கையில் எடுப்பேன். வைக்கும்போது தோல் வாரைக் கழற்றிவிட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பேட்டரி வாட்ச்சாக இருந்தால் பேட்டரியை எடுத்துவிட வேண்டும், அது கசிந்தால் மெஷினையே தின்றுவிடும்.

கையில் 2,000 ரூபாய் இருக்கிறது. முதல் பழைய வாட்ச். எதை வாங்குவது, எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வது?
— வாசகர், வேலந்தாவளம்

சாவி கொடுக்கிற எச்.எம்.டி. ஒன்று. ஜனதா, பைலட், கோஹினூர் எதுவானாலும் சரி. பைலட்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், அதற்குக் கிராக்கி அதிகம் என்பதால் வேறு டயலைப் பைலட்டாக அச்சடித்து விற்கிறார்கள். 2,000 முழுவதையும் வாட்ச்சுக்கே கொடுத்துவிடாதீர்கள், பாதியைச் சர்வீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீறல் கண்ணாடி, அறுந்த வார், மங்கிய முலாம், மஞ்சள் டயல், இவற்றுக்காகப் பேரம் பேசுங்கள், ஆனால் வாங்குங்கள். துரு, மறு அச்சு டயல், பாகம் காணாமல் போன மெஷின், இந்த மூன்றும் வேண்டாம்.

தினம் பத்து நிமிஷம் வேகமாக ஓடுகிறது என்று ஒரு வாட்ச்சைத் தள்ளி வைத்திருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டுகிற மெல்லிய ஹேர் ஸ்பிரிங் காந்தம் பிடித்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் அப்படித்தான் ஓடும். போனில் இருக்கும் திசைகாட்டியை வாட்ச்சின் பக்கத்தில் கொண்டுபோனால் முள் நடுங்கும். காந்தத்தை எடுக்கும் சின்ன இயந்திரம் இருக்கிற கடையில் ஒரு நிமிஷ வேலை. காந்தம் இல்லை என்று தெரிந்தால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், கழுவினால் தீரும். ஸ்பிரிங்கே கோணியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளாக இருந்தாலும் சரி, தெரிந்தவர் வீடாக இருந்தாலும் சரி, பகல் வெளிச்சத்தில் போங்கள், லென்ஸைக் கொண்டுபோங்கள், பின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுத்தால் அந்த வாட்ச் வேண்டாம். வாங்கிய பிறகு டயல், மெஷின், பின் மூடி மூன்றையும் படம் எடுத்து அனுப்பினால் அடுத்த இதழில் பார்த்துச் சொல்கிறேன்.